அரச காணியில் மாடு மேய்க்க அனுமதி எடுப்பது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறைப் பட்டிக்காரருக்கு முழுமையான வழிகாட்டி

பெரும்போக விதைப்புத் தொடங்கினால் வயல் வட்டைக்குள் மாடு நிற்க முடியாது. பட்டியை, அதாவது மாட்டுக் கூட்டத்தை, மேற்கே மேட்டுக்காணிக்குச் சாய்க்க வேண்டும். அந்த மேட்டுக்காணியில் பெரும்பகுதி அரச காணி. "பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து மேய்க்கிற இடம்" என்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் அதிகாரியோ பொலிசோ வந்து நின்றால் கேட்பது அனுமதிக் கடிதத்தைத்தான். அந்தக் கடிதத்தை எப்படி எடுப்பது, எந்த வேலையை எதற்கு முன் செய்வது என்பதைக் கீழே வரிசையாகச் சொல்கிறோம். வரிசை முக்கியம். புதிதாக விண்ணப்பிக்கிற பலர் ஏழாம் படியில் தொடங்கி, பிறகு இரண்டாம் படிக்குத் திரும்பி வந்து ஒரு போகத்தை இழக்கிறார்கள்.

1. சித்திரை முடிந்ததும் தொடங்குங்கள்

புரட்டாதி, ஐப்பசியில் மாட்டை நகர்த்த வேண்டுமென்றால் வைகாசியில் கோவை திறந்திருக்க வேண்டும். கடிதம் ஒரு மேசையில் முடிவதில்லை. காணிப் பிரிவு, கால்நடை வைத்திய அலுவலகம், சில இடங்களில் வன அலுவலகம், மகாவலி அலுவலகம் என்று சுற்றி வர வேண்டும்.

இன்னொரு காரணம் பாதை. கள ஆய்வுக்கு வாகனம் போகவேண்டும். மாரி பிடித்துவிட்டால் கிரான் – புலிபாய்ந்தகல் வீதி போன்றவை வெள்ளத்தில் மூழ்கும். ஆய்வு தள்ளிப்போகும். அது முடியாமல் பரிந்துரை எழுதமாட்டார்கள்.

2. காணி எந்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

எல்லாப் படிகளிலும் கனமானது இதுதான். தவறான அலுவலகம் தந்த அனுமதி, எவ்வளவு பெரிய முத்திரை குத்தியிருந்தாலும், களத்தில் செல்லாது. பிரதேச செயலகக் கடிதத்தோடு ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் பட்டி அடித்தவர் மீது வன அதிகாரி வழக்குப் போடலாம். அந்தக் கடிதம் அங்கே காப்பாற்றாது.

பார்வைக்கு ஒரே புல்வெளி போலத் தெரிகிற இடத்துக்குள் நான்கைந்து நிருவாகங்கள் இருக்கக்கூடும்:

பிரதேச செயலாளரின் பொறுப்பில் உள்ள சாதாரண அரச காணி. அனுமதிக்கு இலகுவானது இதுதான்.

மகாவலி அதிகார சபையின் எல்லைக்குள் வரும் காணி. மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் இந்த வகை. இங்கே பிரதேச செயலாளரின் பரிந்துரை உதவும், ஆனால் மகாவலி அலுவலகத்தின் எழுத்து இல்லாமல் முடியாது.

வனப் பரிபாலனத் திணைக்களத்தின் காடு. இதில் ஒதுக்கப்பட்ட காடு என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டதும் ஏனைய அரச காடும் வேறு வேறு. ஒதுக்கப்பட்ட காட்டில் மாடு மேய்ப்பதும் மாட்டைப் புகவிடுவதும் வனக் கட்டளைச் சட்டப்படி குற்றம். அம்பாறையில் வட்டமடுப் பக்கம் மாடு வளர்ப்போர், பயிர் செய்வோர், வனத் திணைக்களம் மூவரும் ஒரே நிலத்தை உரிமை கொண்டாடுவதால், அங்கே வரைபடம் பார்க்காமல் ஒரு அடிகூட வைக்கக்கூடாது.

வனஜீவராசிகள் திணைக்களத்தின் காணி. மதுறுஓயா, கல்ஓயா, லகுகல, குமண தேசியப் பூங்காக்களுக்குள் மேய்ச்சல் அனுமதியை யாரிடமும் கேட்கவேண்டாம். எல்லைக்கு வெளியே எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறோம் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

குளத்தின் உட்பகுதியும் அதன் ஒதுக்கமும். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், சாகாமம் போன்ற பெரிய குளங்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்களம். ஊர்க் குளங்களுக்கு கமநல சேவை நிலையம்.

கண்டுபிடிக்கும் வழி: இடத்தின் பெயர், கிராம உத்தியோகத்தர் பிரிவு, கைப்பேசியில் எடுத்த ஆள்கூறுகள் இவற்றோடு பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்குப் போங்கள். அங்குள்ள வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காணிப் பயன்பாட்டுத் திட்டமிடல் உத்தியோகத்தர் இருந்தால் அவரிடம் போவது இன்னும் நல்லது. காட்டு எல்லையும் காணி எல்லையும் ஒரே படத்தில் அவரிடம்தான் பெரும்பாலும் இருக்கும். பிறகு களத்துக்குப் போய் எல்லைக் கற்களைப் பாருங்கள். கல்லில் இலக்கம் இருந்தால் படம் எடுத்து வையுங்கள்.

வாய்ச்சொல்லோடு திரும்ப வேண்டாம். "இந்த ஆள்கூறுகளுக்குள் உள்ள காணி எந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது, மேய்ச்சல் தரையாக ஒதுக்கப்பட்டுள்ளதா?" என்று எழுதிக் கேளுங்கள். பதில் இழுபட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே கேள்வியை அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அந்தப் பதில் கடிதமே பின்னால் உங்கள் விண்ணப்பத்தின் முதல் இணைப்பாகும்.

3. மாட்டின் கடதாசிகளைச் சரிசெய்யுங்கள்

காணிப் பிரிவுக்கு விண்ணப்பம் கொடுக்கும் முன்பே இது முடிந்திருக்க வேண்டும். மாடு யாருடையது என்று காட்ட முடியாதவருக்கு மேய்ச்சல் இடம் ஏன் என்று கேட்பார்கள்.

கால்நடை வைத்திய அலுவலகத்தில் பண்ணைப் பதிவு இருக்கவேண்டும், அதிலுள்ள மாட்டுத்தொகை இன்றைய தொகையாக இருக்கவேண்டும். மூன்று வருடத்துக்கு முன் 40 என்று பதிந்துவிட்டு இப்போது 110 மாட்டுக்கு இடம் கேட்டால், மீதி 70 யாருடையது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி களவு மாட்டுப் பக்கம் போகும். காதுப்பட்டி இலக்கங்களையும் மாட்டில் சுட்ட குறியையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். உங்கள் குறி பதிவாகியிருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரிக் குறி இரண்டு பட்டிக்கு இருந்தால் மேய்ச்சல் தரையில் கலந்த பிறகு பிரிக்க முடியாது.

தடுப்பூசிப் பதிவு அடுத்தது. கால்வாய் நோய்க்கும் தொண்டை அடைப்பானுக்கும் ஊசி போட்ட திகதி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். பல ஊர்ப் பட்டிகள் ஒரே நீர்நிலையில் இறங்கும் இடத்தில் ஒரு மாட்டுக்கு நோய் வந்தால் எல்லாருக்கும் வரும். தொண்டை அடைப்பான் மழை தொடங்கும்போது கிளம்பும் நோய். நகர்த்துவதற்கு 3, 4 கிழமை முன்பே ஊசி போட்டால்தான் எதிர்ப்புச் சக்தி பிடித்திருக்கும். நகர்த்தும் அன்று காலையில் போட்டு என்ன பயன்?

4. தனியாகப் போகாதீர்கள், சங்கமாகப் போங்கள்

தனி ஆளின் பெயரில் மேய்ச்சல் காணி கேட்பது இரண்டு விதத்தில் கெடும். ஒன்று, அதிகாரிகள் அதைக் காணி பிடிக்கும் முயற்சி என்று நினைப்பார்கள். இரண்டு, கிடைத்துவிட்டால் அவர் வேலி அடிப்பார், மற்றப் பட்டிக்காரர் வெளியே நிற்பார். பொதுமேய்ச்சல் பொதுவாகவே இருக்கவேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்தில்லை.

கால்நடை வளர்ப்போர் சங்கமோ பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமோ பதிவில் இருந்தால் அதன் பெயரில் விண்ணப்பியுங்கள். சங்கம் தூங்கிக் கிடந்தால் முதலில் பொதுக்கூட்டம் வைத்து, நிருவாகத்தைத் தெரிவுசெய்து, கணக்கறிக்கையைக் கொடுத்துப் பதிவைப் புதுப்பியுங்கள். காலாவதியான பதிவு இலக்கத்தோடு போன விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

கூட்டத்தில் எழுதவேண்டிய தீர்மானம் ஒன்று: எந்த இடம், எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, யார் யாருடைய எத்தனை மாடு, சங்கத்துக்காகக் கையொப்பமிடுவது யார். வந்தவர்கள் எல்லாரும் அடையாள அட்டை இலக்கத்தோடு ஒப்பமிட வேண்டும். மாட்டை வைத்துக்கொண்டு ஊரில் இல்லாத உரிமையாளர்கள் பலர் இருப்பார்கள், மேய்ப்பவர் வேறு ஆளாக இருப்பார். இரண்டு பெயரையும் எழுதுங்கள். களத்தில் பிடிபடுவது மேய்ப்பவர்தான், அவர் பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் சிக்கல் அவருக்கு.

5. புல் எத்தனை மாட்டைத் தாங்கும் என்று கணக்குப் போடுங்கள்

"எங்களுக்கு 1,000 ஏக்கர் வேண்டும்" என்று காரணமில்லாமல் எழுதினால் அதைக் குறைப்பதற்கு அதிகாரிக்கும் காரணம் தேவைப்படாது. கணக்கோடு போனால் கதை வேறு.

1 மீற்றருக்கு 1 மீற்றர் சதுரமாகத் தடியால் ஒரு சட்டம் கட்டுங்கள். மேய்ச்சல் இடத்தில் நல்ல புல், மட்டமான புல், பற்றை என்று பார்த்து 10 இடத்தில் அதை வையுங்கள். உள்ளே உள்ள புல்லை நிலத்திலிருந்து மூன்று விரல் உயரம் விட்டு அரிந்து நிறுங்கள். பத்தின் சராசரியை எடுங்கள். மாடு தின்னாத பூண்டையும் பற்றையையும் நிறுக்க வேண்டாம்.

சராசரி அரைக் கிலோ என்று வைப்போம். 1 ஏக்கர் ஏறக்குறைய 4,047 சதுர மீற்றர். ஆகவே ஏக்கருக்கு 2,000 கிலோ பச்சைப்புல். அதில் பாதியை விட்டுவிட வேண்டும். மிதிபடுவதும் சாணம் விழுவதும் போக, வேர் பிழைத்துத் துளிர்க்கவும் அது தேவை. மிச்சம் 1,000 கிலோ. நாட்டுமாடு ஒன்றுக்கு நாளைக்கு 25 கிலோ என்றால் அந்த ஏக்கர் ஒரு மாட்டுக்கு 40 நாள். 150 மாட்டை 120 நாள் வைத்திருக்க 18,000 மாட்டுநாள் வேண்டும், அதாவது 450 ஏக்கர். மாரி மழையில் புல் மறுபடி வளரும் என்பதால் உண்மையில் இதைவிடக் குறைவாகவும் போதும். மழை தொடங்கி ஒரு மாதத்தில் இன்னொரு முறை நிறுத்துப் பார்த்தால் அடுத்த வருட விண்ணப்பத்துக்குச் சரியான எண் கிடைக்கும். இரண்டு கன்றை ஒரு மாடாகவும், எருமை ஒன்றை ஒன்றரை மாடாகவும் எண்ணுங்கள்.

தண்ணீரையும் எழுதுங்கள். மாடு ஒன்று நாளைக்கு 30 முதல் 40 லீற்றர் குடிக்கும். 150 மாட்டுக்கு 6,000 லீற்றர் வரை. புல் இருந்தும் தண்ணீர் இல்லாத இடத்துக்கு அனுமதி எடுத்தால் மாடு தானாகவே தண்ணீரைத் தேடி அடுத்தவர் வயலுக்குள் இறங்கும்.

6. வரைபடம் ஒன்று இணையுங்கள்

நில அளவையாளரின் படம் இந்தக் கட்டத்தில் தேவையில்லை. ஒரு தாளில் வடக்கைக் குறித்து, நான்கு பக்க எல்லையையும் எழுதி, மூலைகளின் ஆள்கூறுகளைப் போட்டால் போதும். ஆறு, குளம், வீதி, எல்லைக் கல், பட்டி அடிக்கும் இடம், மேய்ப்பவர் தங்கும் வாடி, மாடு போய்வரும் பாதை எல்லாம் இருக்கட்டும்.

பாதையைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். மேய்ச்சல் தரைக்கு அனுமதி இருக்கும், அதற்குப் போகும் வழி வேறொருவரின் அனுமதிப்பத்திரக் காணிக்குள்ளாலோ காட்டுத் துண்டுக்குள்ளாலோ போகும். அங்கே மறித்தால் அனுமதி கையில் இருந்தும் பயனில்லை. பாதையையும் சேர்த்தே கேளுங்கள். பழைய சேனை, தொல்பொருள் இடம், யானை கடக்கும் இடம் இருந்தால் மறைக்காமல் குறித்துவிடுங்கள். ஆய்வில் எப்படியும் தெரியவரும்.

7. விண்ணப்பக் கடிதம்

காணிப் பிரிவில் படிவம் இருந்தால் அதை நிரப்புங்கள், இல்லாவிட்டாலும் கடிதம் கட்டாயம். தலைப்பு நேராக இருக்கவேண்டும்: "பெரும்போக காலத்துக்குப் பருவகால மேய்ச்சல் பாவனைக்கு அனுமதி கோரல்." "காணி பெற்றுத் தரல்" என்று எழுதாதீர்கள். அந்தத் தலைப்போடு போகும் கடிதம் காணி வழங்கும் வரிசையில் சேர்ந்து, காணிக் கச்சேரி (காணி கேட்டவர்களை அழைத்து விசாரிக்கும் அமர்வு) வரும்வரை காத்துக் கிடக்கும்.

உள்ளே இப்படி எழுதலாம்: "மேற்படி சங்கத்தின் 18 அங்கத்தவர்களுக்குச் சொந்தமான 150 மாடுகளை, இணைக்கப்பட்ட வரைபடத்தில் காட்டப்பட்ட இடத்தில், ஐப்பசி முதல் மாசி வரை மேய்ப்பதற்கு அனுமதி கோருகிறோம். இக்காணிக்கு உரித்துக் கோரவில்லை. நிரந்தரக் கட்டடம், வேலி, பயிர்ச்செய்கை எதுவும் செய்யமாட்டோம். மரம் வெட்டவோ தீ வைக்கவோ மாட்டோம்." மாதங்களுக்குப் பக்கத்தில் சரியான திகதிகளையும் எழுதுங்கள்.

இணைப்புகள்: காணி யாருடையது என்ற பதில், சங்கப் பதிவு, கூட்டத் தீர்மானம், பெயர் – மாட்டுத்தொகைப் பட்டியல், தடுப்பூசிப் பதிவு, புல் கணக்கு, வரைபடம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல். முன்னர் அதே இடத்தில் மேய்த்ததற்கு எழுத்துச் சான்று ஏதும் இருந்தால் (பழைய அனுமதிக் கடிதம், தடுப்பூசி முகாம் பதிவு, பால் சேகரிப்பு ரசீது) அதையும் வையுங்கள். பரம்பரை மேய்ச்சலை அலுவலகம் நம்புவது இந்தக் கடதாசிகளால்தான்.

மூலப்பிரதி பிரதேச செயலாளருக்கு. பிரதிகள் கால்நடை வைத்தியருக்கும், காணியைப் பொறுத்து மகாவலிக்கோ வட்டார வன அதிகாரிக்கோ நீர்ப்பாசனப் பொறியியலாளருக்கோ. தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. ஆனாலும் மகாவலிக்கும் வனத் திணைக்களத்துக்கும் போகும் பிரதியோடு ஒரு சிங்கள மொழிபெயர்ப்பை வைத்தால் கோவை மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்காது. உங்கள் கையிலுள்ள பிரதியில் கிடைத்த திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். நேரில் போகமுடியாவிட்டால் பதிவுத் தபால், பற்றுச்சீட்டைக் கோவையில் ஒட்டுங்கள்.

8. கள ஆய்வுக்கு ஆயத்தம்

ஆய்வுத் திகதியை நீங்களே கேட்டு வாங்குங்கள். தானாக அழைப்பு வரும் என்று இருந்தால் மாரி வந்துவிடும். அன்று சங்கத் தலைவர், பட்டியை உண்மையில் மேய்ப்பவர் இருவர், எல்லைப் பக்கத்து விவசாயிகள் ஓரிருவர் வரட்டும். பக்கத்து விவசாயி எதிர்ப்பில்லை என்று அதிகாரி முன்னால் சொல்வது பத்துக் கடிதத்துக்குச் சமம். எதிர்ப்பிருந்தால் அன்றுதான் வெளியே வரவேண்டும். மாட்டுப் பாதையை மாற்றுவதா, இராக்காவல் போடுவதா என்று அங்கேயே பேசி ஆய்வுக் குறிப்பில் எழுதச் செய்யலாம்.

ஆய்வுக்கு முன்பே மாட்டைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். வாடி போடாதீர்கள். அனுமதியின்றிப் பிடித்த அரச காணி என்ற தலைப்பில் கோவை மாறினால், 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணி ஆட்சி மீட்புச் சட்டத்தின் கீழ் வெளியேறும் அறிவித்தல் வரும்.

9. அனுமதிக் கடிதத்தை வரிவரியாக வாசியுங்கள்

திகதி, எல்லை, மாட்டுத்தொகை, தடைகள், கையொப்பமிட்டவரின் பதவி. இந்த ஐந்தும் இருக்கவேண்டும். "மேய்ச்சலுக்கு ஆட்சேபனை இல்லை" என்று மட்டும் ஒரு வரி வந்தால் அது அனுமதி ஆகாது, ஒரு நிறுவனத்தின் கருத்து மட்டுமே. அதை வைத்துக்கொண்டு மாட்டைச் சாய்த்துவிட்டுப் பிறகு அல்லற்படுபவர்கள் ஏராளம். திருத்தம் வேண்டுமென்றால் நகர்த்துவதற்கு முன் கேளுங்கள்.

வாடி ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி, பிளாஸ்ரிக் உறைக்குள். மூலக்கடிதம் வீட்டில். பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்கும் ஒரு பிரதி கொடுத்து முத்திரை வாங்கிவிடுங்கள்.

10. பட்டியை நகர்த்துதல்

எந்தத் திகதிக்கு முன் வயலைவிட்டு மாடு வெளியேற வேண்டும் என்பது கன்னக் கூட்டத்தில், அதாவது போகம் தொடங்கும் முன் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடும் கூட்டத்தில், தீர்மானமாகும். பட்டிக்காரர் அந்தக் கூட்டத்துக்குப் போவது குறைவு, அது பெரிய தவறு. அனுமதி ஐப்பசி 15 இலிருந்து என்றும் வயலை விடவேண்டியது ஐப்பசி 5 என்றும் வந்தால் இடையில் பத்து நாள் மாடு எங்கே நிற்கும்? கூட்டத்தில் எழுந்து கேட்டால் இரண்டு திகதியையும் பொருத்தலாம். வயல் வட்டையின் வேலைகளைப் பார்க்கும் வட்டை விதானையிடம் முன்கூட்டியே கதைத்து வையுங்கள்.

வாகனத்தில் மாடு ஏற்றினால் அதற்குப் போக்குவரத்து அனுமதி வேறாக வேண்டும். மேய்ச்சல் கடிதம் அதற்குச் செல்லாது. நடத்திக் கொண்டுபோனால் பிரதான வீதியைக் கடக்கும் நேரத்தை விடிகாலைக்கு வைத்து, முன்னுக்கும் பின்னுக்கும் ஆளை நிறுத்துங்கள். போய்ச் சேர்ந்ததும் மாட்டை எண்ணி, திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். கிழமைக்கு ஒருமுறை அதே வேலை.

புல் துளிர்க்கட்டும் என்று காய்ந்த பற்றைக்குத் தீ வைப்பது அனுமதியை முறிக்கும் முதல் காரணம். தீ காட்டு எல்லையைத் தாண்டினால் அடுத்த வருடம் வன அலுவலகத்தின் பரிந்துரையை மறந்துவிடலாம்.

11. மாடு பிடிபட்டால், காயப்பட்டால்

மாடு வயலுக்குள் இறங்கிப் பிடிபட்டால் அங்கே சண்டை வேண்டாம். கிராம உத்தியோகத்தரையும் வட்டை விதானையையும் அழைத்து, சேதமான பரப்பை அளந்து எழுதுவியுங்கள். அளக்காமல் பேசினால் கால் ஏக்கர் சேதம் மாலைக்குள் இரண்டு ஏக்கர் ஆகும்.

வாய்வெடி (கடித்தால் வெடிக்கும் பொறி), கட்டுத்துவக்கு (கட்டிவைத்த பொறித்துவக்கு), சட்டவிரோத மின்கம்பி ஆகியவற்றால் மாடு செத்தாலோ காயப்பட்டாலோ வரிசை இதுதான்: அசைக்காமல் படம், ஆள்கூறு, பொலிஸ் முறைப்பாடு, கால்நடை வைத்தியரின் அறிக்கை. வைத்தியர் பார்க்கும் முன் உடலைப் புதைத்துவிட்டால் எதனால் செத்தது என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். முறைப்பாட்டு இலக்கத்தைச் சங்கக் கோவையில் சேர்த்து வையுங்கள்.

12. மறுத்தால் அல்லது பதிலே வராவிட்டால்

வாயால் மறுத்தால் ஏற்காதீர்கள். காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். காரணம் தெரிந்தால் பாதி வேலை முடியும். "காட்டு எல்லைக்குள் வருகிறது" என்றால் அந்தத் துண்டை வரைபடத்திலிருந்து விலக்கி மீண்டும் கொடுக்கலாம். "மாடு அதிகம்" என்றால் புல் கணக்கைக் காட்டலாம், அல்லது பட்டியை இரண்டு இடமாகப் பிரிக்கலாம்.

பதில் இல்லாவிட்டால் பிரதேச விவசாயக் குழுக் கூட்டத்தில் விடயத்தைச் சேர்க்கும்படி பிரதேச செயலாளருக்கு எழுதுங்கள். வைத்தியர், கமநலம், நீர்ப்பாசனம் எல்லாரும் ஒரே மேசையில் இருக்கும் இடம் அது. இரண்டு நிறுவனங்கள் ஒன்றையொன்று காட்டிக்கொண்டிருந்தால் மாவட்டச் செயலாளருக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் கோவையின் முழுப் பிரதியோடு போங்கள்.

13. பருவம் முடிந்த பிறகு: நிரந்தர ஒதுக்கம்

அறுவடை முடிந்து மாடு வயல் தாளுக்கு (அரிந்த பின் நிற்கும் நெற்தண்டுக்கு) திரும்பியதும் ஒரு பக்க அறிக்கை எழுதிப் பிரதேச செயலகத்துக்குக் கொடுங்கள். போன மாடு, திரும்பிய மாடு, நோய், முறைப்பாடு, எல்லைக்குள் புதிதாகக் கண்ட காடழிப்பு அல்லது வேலி. யாரும் கேட்காவிட்டாலும் கொடுங்கள். அடுத்த வருட அனுமதிக்கு இதைவிட நல்ல இணைப்பு இல்லை.

இப்படி இரண்டு மூன்று பருவக் கோவை சேர்ந்தால் பருவகாலக் கடிதத்தோடு நிற்காமல் நிரந்தர ஒதுக்கம் கேளுங்கள். 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் 8 ஆம் பிரிவு, அரச காணியைக் கிராமிய மேய்ச்சல் நிலமாக வகுத்து ஒதுக்க இடம் தருகிறது. கோரிக்கை பிரதேச செயலாளர் ஊடாக மாகாணக் காணி ஆணையாளருக்குப் போகவேண்டும். நில அளவை இந்தக் கட்டத்தில்தான் தேவைப்படும். ஒதுக்கம் வர்த்தமானியில் வரும்வரை விடாதீர்கள். வர்த்தமானி இலக்கமும் அளவைப் படத்தின் இலக்கமும் சங்கத்தின் கையில் இல்லாத மேய்ச்சல் தரையில், நாளை வேறொருவர் சேனை வெட்டினால் தடுக்கக் காட்டுவதற்கு எதுவும் இருக்காது.